மிரட்டும் தோற்றம், அடங்கிய குணம்: காவல் நாயைத் தேர்ந்தெடுப்பது

காவலுக்கு நாய் வேண்டும் என்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த ஜாதி நல்லாக் கடிக்கும்?" என்பதைத்தான். அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, "எதைப் பார்த்தால் வெளியாள் பயப்படுவான்?" என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் குட்டி வாங்கக் கிளம்பும்போது இரண்டும் உங்களை வேறு வேறு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும்.

திருட வருகிறவன் தெருவை முன்கூட்டியே நோட்டம் விடுகிறான். உள்ளே போனால் சத்தம் கிளம்புமா, எவ்வளவு நேரம் பிடிக்கும், யார் கண்ணிலாவது படுவோமா என்பதுதான் அவன் போடும் கணக்கு. கேட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய நாய் எழுந்து நின்று அடித்தொண்டையில் இரண்டு முறை குரைத்தால் அந்தக் கணக்கு அங்கேயே தப்பிப்போகும். நாய் செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான். கடி என்பது மற்ற எல்லாம் தவறிய பிறகு நடப்பது. அதுவும் பெரும்பாலும் திருடன் மேல் விழுவதில்லை. சிலிண்டர் தூக்கி வருகிறவர், கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர், சுவருக்கு இந்தப் பக்கம் விழுந்த பந்தை எடுக்க நுழைந்த பக்கத்து வீட்டுப் பையன், இவர்கள்தான் கடிபடுகிறார்கள். சில வீடுகளில் சொந்தப் பேரப்பிள்ளை. ஆகவே நாம் தேடுவது மிரட்டலான உருவம், கனத்த குரல், நிதானமான குணம். இந்த மூன்றில் எதையாவது விட்டுக்கொடுத்தே தீர வேண்டும் என்றால் உருவத்தை விட்டுக்கொடுங்கள். குணத்தை ஒருநாளும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பயம் எதைப் பார்த்து வருகிறது

முதலில் நிறம். கறுப்பு நாயின் முகத்தில் என்ன ஓடுகிறது என்று எட்டத்திலிருந்து படிக்க முடியாது; கண்ணும் பல்லும் மட்டுமே தெரியும். இருட்டில் எங்கே நிற்கிறது என்பதே தெரியாது. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு நாட்டுக் குட்டிகளில் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை என்றால், வளர்ந்த பிறகு தெருவில் போகிறவர்கள் ஒதுங்கி நடப்பது கறுப்பைப் பார்த்துத்தான். அடுத்தது விறைத்து நிற்கும் காது, அகன்ற தலை, தடித்த கழுத்து. தொங்கிய காது எந்த நாய்க்கும் ஒரு சாந்தத்தைக் கொடுத்துவிடும்.

உருவத்தைவிடக் குரல் முக்கியம் என்பது என் கருத்து. நெஞ்சுக்கூடு ஆழமான நாயின் குரல் மூடிய கதவைத் தாண்டி வெளியே வரும்போது, உள்ளே இருப்பது எவ்வளவு பெரியது என்பதை வெளியே நிற்பவன் கற்பனை செய்துகொள்வான். இன்னொன்றும் உண்டு: போகிற வருகிற எல்லோரையும் பார்த்துக் குரைத்துக்கொண்டே கேட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும் நாயைத் தெரு சீக்கிரமே மறந்துவிடுகிறது. அது நிஜமாகவே ஆளைக் கண்டு குரைக்கும் இரவிலும் யாரும் எழுந்து பார்ப்பதில்லை. சும்மா படுத்திருந்து, ஆள் கேட்டில் கைவைத்ததும் எழுந்து அசையாமல் நின்று உற்றுப் பார்க்கிற நாய்தான் ஆளை நிறுத்தும்.

வெளிநாட்டு இனங்கள்

இன்று தமிழ்நாட்டில் காவல் என்றதும் பலர் வாயில் வருவது ராட்வீலர். தென்மேற்கு ஜெர்மனியில் உள்ள ராட்வீல் ஊரில் கசாப்புக்காரர்கள் மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் வளர்த்த நாய் இது. ஆண் நாய் தோள்வரை 61 முதல் 68 செ.மீ. உயரம், எடை 50 கிலோவை ஒட்டி. கறுப்பு உடல், கண்ணுக்கு மேல் பழுப்புப் பொட்டு, அகன்ற மண்டை. விறைத்த காது ஒன்றைத் தவிர, நான் மேலே சொன்ன அத்தனை அம்சமும் ஒரே நாயில் இருக்கின்றன. நல்ல வழியில் வந்து, நன்றாகப் பழக்கப்பட்ட ராட்வீலர் வீட்டாரிடம் ஒட்டிக்கொண்டு திரியும், அந்நியரிடம் அவசரப்படாது. ஆனால் தவறு நேர்ந்தால் அது சின்னத் தவறாக இருக்காது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. நாயை வளர்த்தவர் கைதானார். அந்தச் செய்தியைப் படித்த பிறகும் ராட்வீலர்தான் வேண்டும் என்று முடிவுசெய்கிறவர் தன்னிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: வீட்டில் பலம் குறைந்தவர் யாரோ, அவர் கையில் இந்தச் சங்கிலி நிற்குமா? காலையில் நாயைப் பிடித்துக்கொண்டு போகப்போவது 45 கிலோ எடையுள்ள அம்மாவோ எழுபதைத் தாண்டிய அப்பாவோ என்றால், இந்த இனம் உங்கள் வீட்டுக்கு இல்லை.

சட்டத்தையும் கவனியுங்கள். 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை, ராட்வீலர், பிட்புல் உள்ளிட்ட 23 வகை நாய்களை வளர்க்க உரிமம் தர வேண்டாம் என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. நகரத்துக்கு நகரம் விதி மாறுகிறது, இறுகிக்கொண்டும் வருகிறது. குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் அந்த இனத்துக்கு உரிமம் உண்டா என்று நேரில் கேட்டுவிடுங்கள். பிட்புல்லைப் பொறுத்தவரை என் பதில் ஒன்றுதான்: காவலுக்காக என்றால் வேண்டாம்.

டாபர்மேன் இன்னொரு வகை. ஜெர்மனியின் அபோல்டா ஊரில் வரி வசூலித்துக்கொண்டிருந்த கார்ல் பிரெடெரிக் லூயி டாபர்மேன் என்பவர், தன்னுடன் துணைக்கு வருவதற்கென்றே 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருவாக்கிய இனம். ஆளைக் காக்கவே பிறந்தது என்பதால் உங்கள் காலைச் சுற்றியே இருக்கும்; கொல்லையில் கட்டிப்போட்டால் மனம் கெட்டுப்போகும். முடி குட்டை, உடல் ஒல்லி, நம் வெயிலை ஓரளவு தாங்கும். நடுவயதில் இதயத் தசை தளரும் நோய் இந்த இனத்தில் அதிகம். எனவே குட்டியின் தாயும் தகப்பனும் எத்தனை வயதில் எப்படி இருக்கின்றன என்று விசாரிக்காமல் வாங்காதீர்கள். காதை வெட்டி விறைக்கவைத்தால்தான் மிரட்டலாக இருக்கும் என்று சொல்வார்கள். இனம் பிறந்த ஜெர்மனியிலேயே காது வெட்டுவதை 1987-லும் வால் வெட்டுவதை 1998-லும் தடை செய்துவிட்டார்கள். காது தொங்கிய டாபர்மேன் கேட்டில் வந்து நின்றாலும் ஆள் உள்ளே வர மாட்டான். குட்டிக்கு அந்த வலி தேவையில்லை.

டாபர்மேன், ராட்வீலர் இரண்டுக்கும் பார்வோ என்னும் ரத்தபேதி நோய் மற்ற இனங்களைவிடச் சுலபமாகப் பிடிக்கும். ஆறு முதல் எட்டாவது வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்த ஊசிகள் என்ற வரிசையில் ஒன்றைத் தள்ளிப்போட்டாலும் குட்டியை இழக்க நேரிடலாம்.

நம் ஊரில் அல்சேஷன் என்று பழகிவிட்ட ஜெர்மன் ஷெப்பர்டை முதல்முறை நாய் வளர்ப்பவருக்குத் தயங்காமல் சொல்வேன். நிமிர்ந்த காது, போலீஸ் நாய் என்று ஊரே அறிந்த முகம், சொன்னதைப் பிடித்துக்கொள்ளும் புத்தி. அடர்ந்த முடி கோடையில் தொந்தரவுதான். இடுப்பு மூட்டு தேயும் குறைபாடும் இந்த இனத்தில் உண்டு. பின்புறம் தரையை நோக்கி மிகச் சரிந்த உடல்வாகு உள்ள குட்டியைத் தவிர்த்து, முதுகு நேராக உள்ள வழியிலிருந்து எடுங்கள். கிரேட் டேன் உயரத்தாலேயே மிரட்டும், மனசு மென்மை, ஆயுள்தான் குறைவு. புல்மாஸ்டிப், பிரெஞ்சு மாஸ்டிப் போன்ற சப்பை மூக்கு இனங்களை மதுரை, திருச்சி, வேலூர் வெயிலில் வளர்ப்பது பாவம். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மூக்கு குட்டையானால் அந்த வழியும் குறுகிவிடுகிறது. சித்திரை மதியத்தில் சுருண்டு விழும் நாய் யாருக்கும் காவல் இல்லை.

நம் இனங்கள்

ராஜபாளையம் நாயை முதல்முறை பார்க்கிறவர்கள், "இவ்வளவு ஒல்லியாக இருக்கிறதே" என்பார்கள். அது கேட்டில் முன்னங்காலை ஊன்றி நிமிரும்போது அந்தப் பேச்சு நின்றுவிடும். தோள்வரை 65 முதல் 75 செ.மீ. உயரம், பால் வெள்ளை உடல், ரோஸ் மூக்கு. காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன இனம். வெள்ளை நிறம் பயம் தராது என்று மேலே சொன்னதற்கு இந்த நாய் விதிவிலக்கு; இருட்டில் அந்த வெள்ளை உருவம் மட்டும் தனியாக அசைவது வேறு விதமான கலக்கத்தைத் தரும். ஒருவரை எஜமானாக ஏற்றுக்கொண்டு மற்றவர்களை எட்டவே வைத்திருக்கும் சுபாவம் இதற்கு உண்டு. வருகிறவர் போகிறவர் அதிகமுள்ள வீட்டுக்கு இது சிரமம். தோப்பு வீடு, பண்ணை வீடு, நாலு பக்கமும் உயரமான காம்பவுண்டு உள்ள தனி வீடு என்றால் இதற்கு இணை கிடையாது. தினமும் ஓடவிட இடம் வேண்டும். நாலடிச் சுவர் இதற்கு ஒரு தடையே இல்லை.

வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. வாங்கும்முன் சோதித்துவிடுங்கள். மற்றக் குட்டிகளிடமிருந்து பிரித்து ஒரு அறையில் விட்டு, அது வேறெதையோ முகர்ந்துகொண்டிருக்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் கையில் வைத்துக் குலுக்குங்கள்; தரையில் போட்டால் அதிர்வை உணர்ந்தே குட்டி திரும்பிவிடும். கையைத் தட்டினாலும் காற்று பட்டும் நிழல் பட்டும் திரும்பிவிடும். குட்டி திரும்புகிறதா என்பதோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையும் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி சத்தம் கேட்டுத் திரும்பும், ஆனால் சத்தம் வந்த திசையைத் தேடித் தடுமாறும். இடம் மாற்றி மாற்றி இரண்டு மூன்று தடவை செய்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

தேனி மாவட்டத்துக் கோம்பை வேறு வார்ப்பு. உயரம் குறைவு, கட்டுமஸ்தான உடம்பு, செவலை நிறம், கருவாய். அந்தக் கறுத்த வாயும் நெருங்கிப் பதிந்த பார்வையும் போதும், ஆள் தயங்கி நிற்க. சாப்பாட்டுச் செலவு ராட்வீலரோடு ஒப்பிட்டால் சொற்பம், வெயில் பழகியது, வியாதி குறைவு. காவலுக்கு மட்டும் என்று ஒருவர் என்னிடம் கேட்டு, அவருக்கு நாய் வளர்த்த அனுபவமும் இருந்தால், கோம்பையைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் கோபம் சட்டென்று ஏறும் இனம் இது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் குட்டியிலிருந்தே கூட வளர்ந்தால் தவிரப் பெரிய நாயாகக் கொண்டுவர வேண்டாம். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டும் ஓட்ட நாய்கள். விழிப்பு அபாரம், உருவம் மெலிந்தது என்பதால் மிரட்டலை அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம். வேட்டை ரத்தம் உள்ள இந்த எல்லா இனங்களுக்கும் பொதுவான ஒன்று: பக்கத்து வீட்டுக் கோழியையும் ஆட்டுக்குட்டியையும் வேட்டையாகவே பார்க்கும். கிராமத்தில் காவல் நாயால் வரும் முதல் சண்டை பெரும்பாலும் கோழியில்தான் ஆரம்பிக்கிறது.

2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை பெயர்களைச் சொன்ன பிறகு வடமாநிலங்களிலிருந்தும் கேட்க ஆரம்பித்தார்கள். கிராக்கி ஏறினால் கலப்பும் ஏறும். தாயை நேரில் பார்க்காமல், போட்டோவை மட்டும் நம்பிப் பணம் அனுப்பி வாங்குவது நாட்டு இனத்தில்தான் அதிகம் ஏமாற வைக்கிறது.

ஜாதி நாயே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. தத்துக்குக் கிடைக்கும் கறுப்பு நாட்டு நாய், நிமிர்ந்த காதும் ஆழமான குரலும் உள்ளதாகப் பார்த்து எடுத்தால், ஒரு தெருவீட்டுக்குத் தேவையான காவல் முழுமையாகக் கிடைத்துவிடும். ஒன்றரை இரண்டு வயது வளர்ந்த நாயாக எடுத்தால் குணமும் கண்ணெதிரே தெரிந்துவிடுகிறது. குட்டியில் அது தெரியாது. இன்னொன்றையும் யோசியுங்கள்: ராட்வீலர் குட்டி காவலுக்குப் பக்குவப்பட இரண்டு ஆண்டுகள் ஆகும். அடுத்த மாதமே பாதுகாப்பு வேண்டும் என்கிறவர் முதலில் கேட்டுக்கு நல்ல பூட்டும் வாசலுக்கு விளக்கும் போட வேண்டும்.

தாயைப் பார்த்து வாங்குவது

குட்டி விற்கும் இடத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி நடக்கும்.

"அண்ணே, தாயைக் கொஞ்சம் காட்டுங்க."

"தாய் பக்கம் போக முடியாது தம்பி. பிச்சு எடுத்துரும். அப்படியாப்பட்ட ரத்தம் இது."

வாங்க வந்தவர் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறார். அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும். குட்டி ஈன்ற தாய் அந்நியரைக் கண்டு உறுமுவது இயற்கை. அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வளர்த்தவர் பக்கத்தில் நின்று "சும்மா இரு" என்று சொன்ன பிறகும், குட்டிகளை வேறு இடத்தில் விட்ட பிறகும், அந்த நாய் அடங்கவில்லை என்றால் அது பயத்தில் இருக்கிறது. பயந்த தாயின் குட்டிகளும் பெரும்பாலும் பயந்தவையாகவே வளரும், கடிக்கும் நாய்களில் பாதிக்கு மேல் தைரியத்தால் கடிப்பவை இல்லை என்பதைப் பழகியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் தேட வேண்டிய தாய் இப்படி இருக்கும்: கேட்டைத் திறந்ததும் குரைக்கும், வளர்த்தவர் முகத்தைப் பார்க்கும், அவர் பேச்சுக் கொடுத்ததும் குரைப்பை நிறுத்தும், ஆனால் கண்ணை உங்கள்மேலேயே வைத்திருக்கும். ஐந்து நிமிடம் கழித்துக் கிட்டே வந்து உங்கள் கையை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்தத் தாயின் குட்டிக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்தவரா என்றும் கேளுங்கள். கூட்டத்தில் எல்லாரையும் தள்ளிவிட்டு முன்னால் வரும் குட்டியும் வேண்டாம், மூலையில் ஒடுங்கும் குட்டியும் வேண்டாம். புதுச் சத்தம் கேட்டு ஒரு கணம் பதறி, உடனே என்னவென்று பார்க்க வருகிற குட்டி போதும்.

வளர்ப்பு

இருட்டறையில் அடைத்தால் கோபம் வரும், பச்சைக் கறி போட்டால் வெறி ஏறும், யாரிடமும் பழகவிடாமல் வைத்தால்தான் காவல் காக்கும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பச்சைக் கறிக்கும் கோபத்துக்கும் சம்பந்தமே கிடையாது. மற்ற இரண்டும் நாயைக் கெடுக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை குட்டி பார்க்கிறவர்கள், கேட்கிற சத்தங்கள்தான் அதற்கு உலகம். அந்த நாட்களில் பால்காரர், வேலைக்கு வரும் அக்கா, ஹெல்மெட் போட்ட டெலிவரி பையன், ஊன்றுகோல் வைத்த தாத்தா என்று எல்லோரையும் பார்க்கவிடுங்கள். எது வழக்கம் என்று தெரிந்த நாய்க்குத்தான் எது வழக்கத்துக்கு மாறு என்று தெரியும். பகல் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய் தப்பியோட வழியில்லாததால் யாரைக் கண்டாலும் பாய்ந்து பழகும். ஒருநாள் சங்கிலி அறுந்தால் அந்தப் பழக்கமும் கூடவே ஓடும்.

கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே இரண்டாவதாக ஒரு சிறிய கிரில் கதவு போட்டுவிடுங்கள். நாய்க்கு ஆகும் செலவில் பாதியை இதற்குச் செலவழித்தாலும் தகும். வருகிறவர் முதல் கேட்டுக்குள் நின்று பேசலாம், நாய் அவரைப் பார்க்கலாம், தொட முடியாது. இரவில் நாயை அந்தக் கிரில்லுக்கு உள்ளே, வராந்தாவில் விடுங்கள். மதிலுக்கு மேலிருந்து விஷம் தடவிய கறியைப் போட்டு நாயை முடித்துவிட்டு உள்ளே வருவது பழைய தந்திரம். மற்றவர் கொடுத்தால் தின்னாமல் பழக்கலாம், பழக்கவும் வேண்டும். ஆனால் பசித்த நாயை அதற்கு முழுதாக நம்ப முடியாது. கறி விழுகிற இடத்துக்கு நாய் போக முடியாமல் செய்வதே நிச்சயமான வழி. உள்ளிருந்து வரும் குரைப்புக்கு மிரட்டல் குறைவதும் இல்லை.

"நாய்கள் ஜாக்கிரதை" பலகையை மாட்டிவிட்டால் பொறுப்பு விட்டது என்று நினைக்காதீர்கள். தன் விலங்கால் மற்றவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. கடிபட்டவருக்கு நஷ்ட ஈடு தருவது தனி. மூன்றாவது மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு ஆண்டுதோறும், அதற்கான கார்டு, உள்ளாட்சி உரிமம் ஆகியவற்றை ஒரே கவரில் போட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். யாருக்காவது பல் பட்டுவிட்டால் முதல் பத்து நிமிடத்தில் கேட்கப்படுவது அந்தக் கார்டுதான். பல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள், உங்கள் நாய் ஊசி போட்டதாக இருந்தாலும்.

கடைசியாக, வாங்கும்முன்பே தீர்மானிக்க வேண்டிய ஒன்று. திருடனுக்கு வசதி பூட்டிக் கிடக்கும் வீடு. கல்யாணம், திருவிழா என்று நீங்கள் நான்கு நாள் ஊருக்குப் போகும்போது 50 கிலோ நாயைத் தனியாக விட்டுப் போக முடியாது. புதிதாக வந்து சோறு வைப்பவரை அது உள்ளே விடவும் விடாது. குட்டியாக இருக்கும்போதே அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரை வாரத்துக்கு ஒருமுறை வரச்சொல்லி, அவர் கையால் சோறு வைத்து, அவரோடு நடைக்கு அனுப்பிப் பழக்குங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் அவர் இரவில் வந்து வீட்டிலேயே தங்க வேண்டும், வாசல் விளக்கு எரிய வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை பெரிய இனம் எதையும் வாங்காதீர்கள்.